கேஸட் நாடாவில் ஒரு தொழிற்புரட்சி

1982-ஆம் ஆண்டைத் தகவல் தொழில்நுட்ப ஆண்டு என்று பிரிட்டிஷ் அரசாங்கம் பிரகடனம் செய்து, பள்ளிக்கூடங்கள் கணினி வாங்குவதற்கு மானியமும் வழங்கி, வருங்காலம் இந்தச் சின்னஞ்சிறு யந்திரங்களின் வசமே இருக்கப்போகிறது என்று தன் பிரஜைகளுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தது. அதே ஆண்டு ஜனவரி மாதத்தில்தான் அந்நாட்டில் வேலையில்லாதோரின் தொகை, 1930-களின் பெருமந்த காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக, 30 லட்சத்தைத் தாண்டியது. இவ்விரண்டு செய்திகளையும் தனித்தனியே படிப்பவர்களுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்து ஆங்கிலேய இளைஞர்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து எழுதி, கேஸட் நாடாவில் பதித்து விற்ற கணினி விளையாட்டுகளைக் கவனித்துப் பார்ப்பவர்களுக்கு, இரண்டும் ஒரே கதையின் அடுத்தடுத்த அத்தியாயங்கள் என்பது புலப்படாமற் போகாது.

வீடியோ விளையாட்டுகளில் முதலாளித்துவ எதிர்ப்பு என்று பேச்செடுத்தால், இக்காலத்து ரசிகர்கள் எஸ்தோனிய நாட்டு எழுத்தாளர்கள் முன்னின்று 2019-இல் வெளியிட்ட 'டிஸ்கோ எலீசியம்' போன்றவற்றைத்தான் முதலில் குறிப்பிடுவார்கள். அது மார்க்ஸியத்தைக் கற்று, அதன் வெற்றி தோல்விகளை நெடுநாள் சிந்தித்தவர்களின் சிருஷ்டி. அதைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். எனக்கு அதிக சுவாரஸ்யமாய்ப் படுவது அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய விஷயம்: எந்தச் சித்தாந்தத்தையும் பிரசாரம் செய்ய உத்தேசிக்காத, பெரும்பாலும் பணம் சம்பாதிக்கவே ஆசைப்பட்ட இளைஞர்களின் விளையாட்டுகளில், செல்வத்தைப் பற்றிய பரிகாசம் எப்படியோ புகுந்துவிட்டதும், அந்தப் பரிகாசத்தைக் காட்டிலும் கூர்மையானதாக அவர்களுடைய தொழிலின் சரித்திரமே அமைந்துவிட்டதும்.

இக்கதைக்கு மூலகாரணம் ஒரு யந்திரம். கேம்பிரிட்ஜ் நகரத்துத் தொழிலதிபர் கிளைவ் சின்க்ளேர் 1981-இல் வெளியிட்ட 'இசட்எக்ஸ் 81' என்னும் கணினி 70 பவுண்டுக்குக் கிடைத்தது. பாகங்களாக வாங்கித் தாமே பற்றவைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு 50 பவுண்டே போதுமானதாக இருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் கொண்டுவந்த 'ஸ்பெக்ட்ரம்' வண்ணமும் ஓசையும் உடையது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டதற்கு 125 பவுண்டும், 48 கிலோபைட் கொண்டதற்கு 175 பவுண்டும் விலை. ரப்பர் விசைகள் பதித்த அந்தக் கறுப்புப் பெட்டியை வீட்டுத் தொலைக்காட்சியோடும், பாட்டுக் கேட்கும் சாதாரண டேப் ரிக்கார்டரோடும் இணைத்து, நாடாவைச் சுழலவிட்டு, அது கீச்சென்றும் கரகரவென்றும் எழுப்பும் சப்தத்தை ஐந்து நிமிஷம் போலப் பொறுத்துக்கொண்டிருந்தால், திரையில் ஒரு விளையாட்டு உருப்பெற்றுவிடும். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து டைமெக்ஸ் தொழிற்சாலையில், கைக்கடிகாரம் செய்துவந்த பெண்களின் கைகளே இக்கணினிகளையும் பூட்டின. அப்போதைய பிரதமர் தாட்சரின் அரசாங்கத்தின் நன்மதிப்பைப் பெற்ற சின்க்ளேருக்கு 1983-இல் 'ஸர்' பட்டம் கிடைத்தது. தனி மனிதனின் முயற்சியே நாட்டை உய்விக்கும் என்ற அந்த அரசாங்கத்தின் கொள்கைக்கு அவரைவிடப் பொருத்தமான உதாரண புருஷர் அக்காலத்தில் இல்லை.

ஆனால் இந்தப் பெட்டியின் விசேஷம் அதன் விலையோடு முடியவில்லை. விளையாடுகிறவன் கையில் உள்ள யந்திரம் எதுவோ, விளையாட்டை உண்டாக்குவதற்கும் அதே யந்திரம் போதும். ஆலையும் தறியும் கப்பலும் யாருடையனவோ அவர்களுடையதே லாபம் என்பது தொழிற்புரட்சியின் கதையானால், இங்கே ஓர் உற்பத்திச் சாதனம், 200 பவுண்டுக்கும் குறைந்த விலையில், பள்ளிப் பிள்ளைகளின் படுக்கையறைக்குள் வந்து சேர்ந்துவிட்டது. மூலப்பொருள் வெற்று நாடா. கிடங்கு கட்டிலின் அடிப்புறம். வியாபாரம் கணினிப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு சிறு விளம்பரத்தின் மூலமாகத் தபாலில்.

இத்தகைய தொழில் முறை அந்நாட்டுக்குப் புதிதன்று. ஷெஃபீல்ட் நகரம் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. அவ்வூரில் 'லிட்டில் மெஸ்டர்' என்று வழங்கப்பட்ட கைவினைஞர்கள், பெரிய கட்டடமொன்றில் ஒரு சாணைச் சக்கரத்தையும் அதைச் சுழற்றும் விசையையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் கூலியாளாக இராமல், தாமே முதலாளியும் தாமே தொழிலாளியுமாய், தீட்டுவதையோ கைப்பிடி பொருத்துவதையோ ஆயுள் முழுவதும் செய்து ஜீவித்துவந்தார்கள். பெரிய உருக்காலைகள் பெருகிய பிறகும் அவர்களிற் சிலர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதி வரை பிடிவாதமாக நிலைத்து நின்றது அவ்வூரின் பெருமைகளுள் ஒன்று. ஸ்பெக்ட்ரம் வாங்கிய இளைஞன், தன்னை அறியாமலே, அந்த மெஸ்டரின் ஸ்திதிக்கு மீண்டும் வந்து சேர்ந்தான். அவன் அங்கே வந்து சேர்ந்த வேளையில் உருக்காலைகளே கலகலத்துப்போய்க் கொண்டிருந்தன என்பதுதான் வினோதம். 1980-இல் மூன்று மாதம் நீடித்த உருக்குத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஷெஃபீல்டில் ஆலைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்தப்பட்டன. மேற்குக் கரையில் லிவர்பூலின் கதியும் அதுவே. சரக்குப் பெட்டகங்கள் வந்தபின் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களுக்கு வேலையில்லை. 1981-இல் டேட் அண்ட் லைல் கம்பெனியின் சர்க்கரை ஆலை மூடப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் டாக்ஸ்டெத் பகுதி கலவரத்தில் எரிந்தது. இந்த லிவர்பூலிலும் ஷெஃபீல்டிலும்தான் நாம் பார்க்கப்போகும் முக்கியமான விளையாட்டுகள் பிறந்தன.

லிவர்பூலில் 1980-இல் தொடங்கிய 'பக்-பைட்' என்ற நிறுவனத்துக்கு, ஆற்றின் அக்கரையிலுள்ள வாலஸியில் வசித்த மாத்யூ ஸ்மித் என்ற 17 வயது இளைஞர் 1983-இல் ஒரு விளையாட்டை எழுதிக் கொடுத்தார். 'மேனிக் மைனர்' என்பது அதன் பெயர். வில்லி என்னும் சுரங்கக்காரன், லண்டனை அடுத்த சர்பிட்டன் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போது பழங்காலச் சுரங்கமொன்றின் வாயைக் காண்கிறான். சர்பிட்டன் என்பது உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கும் சாதுவான புறநகர், நிலக்கரிக்கும் அதற்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை என்று அறிந்தவர்களுக்கு இதுவே முதற் சிரிப்பு. கேஸட் உறையில் அச்சிட்டிருந்த கதை மேலே சொல்லும் விவரந்தான் என்னை அதிகம் கவர்ந்தது. நம்மினும் உயர்ந்த நாகரிகம் ஒன்று அங்கே ஒரு காலத்தில் செழித்திருந்தது. தன் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய தாதுப் பொருள்களை வெட்டியெடுக்க அது யந்திர மனிதர்களை ஏவியிருந்தது. யுத்தத்தினால் அந்நாகரிகம் அழிந்தபின், வேலையை நிறுத்தும்படி அந்த யந்திரங்களுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே அவை யுக யுகமாய், யாருக்காக என்ற கேள்வியில்லாமல், பொன்னையும் மணியையும் தோண்டித் தோண்டிக் குவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தக் குவியலைக் கைப்பற்றிச் செல்வந்தனாகிவிட வேண்டும் என்பதே வில்லியின் லட்சியம். நுகர்வார் ஒருவரும் மிஞ்சாத உலகத்தில் ஓயாது பெருகும் சம்பத்தின் சித்திரம் இது. பொருளாதார சாஸ்திரிகள் பல அத்தியாயங்களில் விளக்க முயன்றதை ஓர் இளைஞர் கேஸட் உறைக்குள் அடக்கிவிட்டார். ஆயினும் அவர் சாஸ்திரத்தை நினைத்து எழுதினார் என்று நான் வாதிக்கமாட்டேன்.

விளையாடும் விதமும் அதற்கு இசைந்ததாகவே இருந்தது. மொத்தம் 20 குகைகள். ஒவ்வொன்றிலும் மினுக்கிக்கொண்டிருக்கும் பொருள்களை எல்லாம் பொறுக்கிய பிறகே வாசல் திறக்கும். அடியிலே ஒரு கோடு குறுகிக்கொண்டே வரும். அதுதான் குகைக்குள் மிஞ்சியிருக்கும் காற்று. யந்திரங்கள் தமக்கு விதித்த தடத்தில் இம்மியும் பிசகாமல் போய்வந்து கொண்டிருக்க, அவற்றின் கணக்கையறிந்து, ஓரங்குலம் முன்பின்னாகாமல் தாவ வேண்டும். அவை மேலே பட்டால் உயிர் போயிற்று. எல்லா உயிரும் போனபின் மேலேயிருந்து பிரம்மாண்டமான ஒரு பூட்ஸ் கால் இறங்கி வில்லியை நசுக்கும். பின்னணியில் கிரீக் என்ற நார்வே நாட்டு சங்கீத வித்வானின் மெட்டு ஒன்று ஓய்வில்லாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். இத்தனை இடர்களையும் தாண்டி இருபதாவது குகையையும் கடந்தவனுக்குக் கிடைப்பது என்ன? மீண்டும் முதல் குகை. கூலிக்கு உழைக்கிறவனின் திங்கட்கிழமையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன விளையாட்டை நான் அறியேன்.

விளையாட்டு அமோகமாக விற்றது. ஸ்மித்துக்கும் பக்-பைட்டுக்கும் இருந்த ஒப்பந்தம் தளர்வானது. அவர் சம்பளக்காரராக இல்லாததனால், தம் சிருஷ்டியை எடுத்துக்கொண்டு வெளியேறி, 'சாஃப்ட்வேர் பிராஜெக்ட்ஸ்' என்ற புதிய நிறுவனத்தில் பங்காளியானார். 1984-இல் அங்கிருந்து வந்தது 'ஜெட் செட் வில்லி'. சுரங்கக்காரன் இப்போது கோடீசுவரன், மாளிகை வாங்கிவிட்டான், விடிய விடிய விருந்து வைத்து, விருந்தாளிகள் எறிந்துவிட்டுப் போன பாட்டில்களும் கோப்பைகளும் வீடெங்கும் இறைந்து கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி முடித்தாலொழியப் படுக்கைக்குப் போகக் கூடாது என்று, வீட்டு வேலைகளை மேற்பார்க்கும் மரியா படுக்கையறை வாசலில் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆக, வில்லி சுரங்கத்தில் செய்த அதே வேலையை இப்போது தன் சொந்த மாளிகையின் 60 அறைகளில் செய்யவேண்டியவனாகிறான். ஏழைப் பால்காரனொருவன் தான் பணக்காரனாயிருந்தால் எப்படியெல்லாம் வாழலாம் என்று கனாக் கண்டு பாடுவதாக ஒரு புகழ்பெற்ற இசை நாடகத்தில் வரும் பாட்டின் மெட்டைப் பின்னணியாக வைத்தது, ஆசிரியர் தாம் செய்வதை நன்கு உணர்ந்தே செய்தார் என்பதற்குச் சான்று.

இதில் ஆசிரியர் உத்தேசிக்காத ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. முதலில் வெளிவந்த பதிப்பில் இருந்த பிழைகளால், சில பொருள்களை எவ்வளவு சாமர்த்தியசாலியாலும் எட்ட முடியவில்லை. மேல்மாடியறைக்குள் ஒரு முறை புகுந்துவிட்டால் மற்ற அறைகள் சில நிரந்தரமாகக் கெட்டுப்போயின. அது பிழையன்று, வேண்டுமென்றே பரவவிட்ட விஷப் புகை என்று நிறுவனத்தார் கொஞ்ச காலம் சாதித்தார்கள். விளைவென்னவென்றால், ஏராளமான குழந்தைகள் மாதக்கணக்கில் உழைத்தும் அந்தப் பணக்காரனைத் தூங்க வைக்க முடியவில்லை. பிழைகளை வெளியார் கண்டுபிடித்துத் திருத்திய பிறகு, எல்லாம் பொறுக்கி முடித்த வில்லிக்கு வாய்த்த சுகம் யாதெனில், ஓடிப்போய்க் கழிப்பறைத் தொட்டிக்குள் தலையைக் கவிழ்ப்பது.

இவ்விளையாட்டோடு ஒரு வண்ண அட்டையும் விற்கப்பட்டது. நாடாவைக் கணினியில் ஏற்றியதும், அட்டையில் இன்ன கட்டத்திலுள்ள நிறங்களைத் தெரிவி என்று கேட்கும். தெரிவித்தால்தான் விளையாட்டு தொடங்கும். ஒருவன் வாங்கிய கேஸட்டை வகுப்பு முழுவதும் பிரதியெடுத்துக்கொள்வது அக்காலத்துப் பள்ளிக்கூட வழக்கம். இரண்டு டேப் ரிக்கார்டர்களும் ஒரு கம்பியும் இருந்தால் போதும். அதைத் தடுக்கவே இந்த அட்டை. வண்ண நகல் யந்திரம் சாமானியர் கைக்கு எட்டாத காலம் அது. பிள்ளைகள் சளைக்கவில்லை, கட்டம் போட்ட தாளில், வண்ணப் பேனாக்களைக் கொண்டு, ஒரு கட்டம் பிசகாமல் அட்டை முழுவதையும் கையால் பிரதி செய்தார்கள். அச்சு யந்திரம் வருவதற்கு முன் ஏடு பெயர்த்தெழுதியவர்களின் பொறுமை, இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனின் பள்ளிக்கூடங்களில் மறுபடி தலையெடுத்தது. கம்பெனிகள் இதைத் திருட்டு என்றன. பாராளுமன்றமும் 1985-இல் கணினி நிரல்களுக்குப் பதிப்புரிமை உண்டு என்று தனிச் சட்டத் திருத்தம் செய்தது. சொத்துரிமையைப் பற்றிய உண்மையான விவாதம் அந்நாட்களில் விளையாட்டுக்குள் நடந்ததைவிட விளையாட்டு மைதானத்தில்தான் அதிகம் நடந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

அதே 1984-இல் வந்த 'ஹாம்ப்ஸ்டெட்' என்ற விளையாட்டில் சித்திரங்களுக்கு முக்கியத்துவம் இல்லை. வாக்கியங்களைத் தட்டச்சு செய்து கதையை நடத்திப் போக வேண்டும். வேலையில்லாமல் அரசாங்கப் படியில் காலந்தள்ளும் ஒருவன், தொலைக்காட்சியின் எதிரே உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆரம்பித்து, லண்டனில் தனவந்தர்களும் கலா ரசிகர்களும் குடியிருக்கும் ஹாம்ப்ஸ்டெட் குன்றின்மேல் ஏறி அமர்வதே வெற்றி. பணம் மாத்திரம் போதாது. உடை, பேச்சு, சுவரில் மாட்டும் படம், மணக்கும் பெண் யாவும் உரிய தரத்தில் அமைய வேண்டும். நகைச்சுவை மெல்லியதுதான். இருந்தாலும் அவ்வாண்டின் மற்ற விளையாட்டுகளில் விண்வெளிக் கப்பல்களே பறந்துகொண்டிருக்க, வேலையின்மைப் படியை வாங்கப் போவதை விளையாட்டாக்கத் துணிந்ததற்காக அதை ஞாபகத்தில் வைத்திருக்கலாம்.

இனி ஷெஃபீல்டுக்குத் திரும்ப வேண்டும். 1984 மார்ச்சில், தெற்கு யார்க்‌ஷையரிலுள்ள கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடப்போவதாகத் தேசிய நிலக்கரி வாரியம் அறிவித்தது. 20 சுரங்கங்களை மூடி, சுமார் 20,000 பேரை வேலையிலிருந்து நீக்குவது வாரியத் தலைவர் இயன் மக்ரெகரின் திட்டம். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் போராட்டத்தைத் தேசமெங்கும் விரித்தார். சங்கத்தின் தலைமை அலுவலகம் அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டனிலிருந்து ஷெஃபீல்டுக்கு மாறியிருந்தது. ஜூன் 18-ஆம் தேதி ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் குதிரைப் போலீசாரும் மோதிய ஆர்க்ரீவ் அந்நகரத்துக்கு மிக அண்மையில் உள்ளது. தேசம் முழுவதற்குமாக ரகசிய வாக்கெடுப்பு நடத்தாமலே வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது ஸ்கார்கிலின் எதிரிகளுக்குப் பேராயுதமாக வாய்த்தது.

இந்த அமளிக்கு நடுவே, ஷெஃபீல்டின் கார்வர் தெருவில் கணினிக் கடை வைத்திருந்த இயன் ஸ்டூவர்ட், கெவின் நார்பர்ன் என்பவரோடு சேர்ந்து 'கிரெம்லின் கிராஃபிக்ஸ்' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். பீட்டர் ஹாரப் எழுதி அவர்கள் வெளியிட்ட 'வான்டட்: மான்டி மோல்' நகரத்து நிகழ்ச்சிகளை நேராகவே எடுத்துக்கொண்டது. மண்ணைக் குடைந்து வாழும் அகழெலியான மான்டிக்குக் குளிர்காலத்துக்குக் கரியில்லை. வேலைநிறுத்தத்தால் அடைபட்டுக் கிடக்கும் தெற்கு யார்க்‌ஷையர் சுரங்கமொன்றுக்குள் புகுந்து, நொறுக்கும் யந்திரங்களுக்கும் காவலர்களுக்கும் தப்பிக் கரி பொறுக்கி, கடைசியில் ஆர்தர் ஸ்கார்கிலையே எதிர்கொள்கிறது. தொலைக்காட்சிச் செய்தியில் இடம்பெறும் அளவுக்கு இது பரபரப்பை உண்டாக்கியது. ஒரு புதிய கம்பெனிக்கு அதைவிட மலிவான விளம்பரம் வேறெங்கே கிடைக்கும்?

அரசியல் விளையாட்டு என்று எல்லோராலும் சுட்டிக்காட்டப்படும் இந்த விளையாட்டு, முதலாளியை விட்டுவிட்டுத் தொழிற்சங்கத் தலைவரைக் கேலி செய்கிறது என்பதை மறைத்துப் பயனில்லை. எண்பதுகளின் விளையாட்டுகளையெல்லாம் தாட்சர் எதிர்ப்பு இலக்கியமாக வாசிக்க விரும்புவோர் இவ்விடத்தில் சற்றே சங்கடப்பட்டுக் கொண்டு வேகமாகக் கடந்து போகிறார்கள். கடையில் நாள் முழுவதும் பையன்களோடு பழகிய வியாபாரிக்கு, பத்திரிகைகளில் தினந்தோறும் வரும் முகத்தைத் திரையிலும் போட்டால் விற்கும் என்று தோன்றியது, போட்டார்கள், விற்றது, அதற்கு மேல் ஆழமான கொள்கை எதையும் நான் காணவில்லை. ஆனாலும் கதையின் மையத்தில் வாரியமும் இல்லை, சங்கமும் இல்லை. இருவருடைய சண்டையின்போது அடுப்பில் கரியில்லாமல் தவிக்கும் ஒரு ஜீவன் இருக்கிறது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் வேலைநிறுத்தக் குடும்பங்கள் கழிவு மேடுகளிலும் ரயில்பாதைக் கரைகளிலும் மண்ணைக் கிளறி நிலக்கரி பொறுக்கின. நவம்பரில், அதே தெற்கு யார்க்‌ஷையரில், கோல்ட்தார்ப் என்ற ஊரில் அவ்வாறு தோண்டிக்கொண்டிருந்த 14, 15 வயதுச் சகோதரர்கள் இருவர் மண்சரிந்து மாண்டார்கள். விளையாட்டில் மான்டிக்குப் பல உயிர்கள் உண்டு. 1985 மார்ச் 3-ஆம் தேதி வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. பத்தாண்டுகளுக்குள் பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டு, மிஞ்சியவை 1994-இல் தனியார் வசமாயின.

மான்டியின் பிற்கால வாழ்க்கையும் கவனிக்கத்தக்கது. கரி திருடிய குற்றத்துக்காகச் சிறைப்பட்டு, தப்பியோடி, ஐரோப்பாவுக்குக் கப்பலேறி, 1987-இல் வந்த 'ஔஃப் வீடர்சேன் மான்டி' என்ற விளையாட்டில் நாடு நாடாகத் திரிந்து பணம் சேர்த்துக் கிரேக்கத் தீவு ஒன்றையே விலைக்கு வாங்குகிறது. வேலையில்லாமல் ஜெர்மனிக்குப் போய்ச் செங்கல் அடுக்கிய ஆங்கிலேயக் கொத்தனார்களைப் பற்றி அக்காலத்தில் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரின் பெயரைத் தழுவிய தலைப்பு அது. அந்தக் கொத்தனார்களில் எவருக்கும் தீவு வாங்கும் யோகம் வாய்க்கவில்லை.

விளையாட்டுகளுக்குள்ளே இப்படிச் சிரிப்பு நடந்துகொண்டிருக்கையில், அவற்றைச் செய்தவர்களின் தொழில் தன் பங்குக்கு ஒரு நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தது. பக்-பைட்டை விட்டு வெளியேறிய மார்க் பட்லரும் டேவிட் லாசனும் 1982-இல் லிவர்பூலில் 'இமாஜின்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் விளையாட்டே அமோக வெற்றி பெற, விலையுயர்ந்த கார்களும், மோட்டார் சைக்கிள் பந்தயக் குழுவும், ஆடம்பரமான அலுவலகமும் வந்து சேர்ந்தன. இவர்களிடம் வேலை பார்த்த யூஜின் எவன்ஸ் என்ற விடலை வயது நிரலாளர் ஆண்டுக்கு 35,000 பவுண்டு சம்பாதிக்கிறார் என்றும், ஓட்டக்கூடிய வயது வருவதற்கு முன்பே உயர்ரகக் கார் வாங்கிவிட்டார் என்றும் பத்திரிகைகள் எழுதின. ஊரில் எத்தனையோ பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்ற நினைவில் அச்செய்தியைப் படித்தவர்களின் மனநிலையை ஊகித்துக்கொள்ளலாம். மேனிக் மைனரில் 'யூஜினின் குகை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பெருந்தலையொன்று மேலும் கீழுமாய் இறங்கி ஏறி வாசலைக் காக்க, சுற்றிலும் கழிப்பறைத் தொட்டிகள் வாயைத் திறந்து மூடிக்கொண்டு காவல் திரியும். ஸ்மித் தம் போட்டியாளருக்குச் செலுத்திய மரியாதை அது.

1983 கிறிஸ்துமஸ் பருவத்தில், நாடாக்களைப் பிரதியெடுக்கும் தொழிற்சாலையின் முழுத் திறனையும் தாங்களே முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டு, போட்டியாளர்களின் சரக்கு கடைக்கு வராமல் தடுக்க இமாஜின் முயன்றதாகவும், முடிவில் விற்காத கேஸட்டுகள் தங்கள் தலையிலேயே குவிந்ததாகவும் பிற்காலத்தில் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். 'பாண்டர்ஸ்நாட்ச்' முதலிய மகா விளையாட்டுகள் வரப்போவதாகத் தடபுடலாக விளம்பரம் செய்தார்கள். சாதாரண விளையாட்டு ஐந்தாறு பவுண்டுக்கு விற்ற காலத்தில் அவற்றுக்கு 40 பவுண்டு போல விலை வைப்பதாக உத்தேசம். அவை வரவேயில்லை. இமாஜினின் மகோன்னதத்தைப் படமெடுக்கச் சென்றிருந்த பி.பி.சி. குழுவினரின் காமிராவுக்கு எதிரிலேயே, 1984 ஜூலையில், கடன்காரர்களுக்காக ஜப்தி சேவகர்கள் வந்து நின்றார்கள். மான்செஸ்டரைச் சேர்ந்த 'ஓஷன்' நிறுவனம் இமாஜினின் பெயரை மட்டும் விலைக்கு வாங்கி, தன் சரக்குகள் சிலவற்றின்மேல் ஒட்டி விற்றது. முதலாளித்துவத்தைப் பரிகசிக்க வேண்டுமென்று யாரேனும் திட்டமிட்டுக் கதை புனைந்திருந்தாலும், பெயரை மட்டும் விலைக்கு வாங்கும் இந்தக் கடைசிக் காட்சி அவர்களுக்குத் தோன்றியிராது.

தெற்கே போர்ட்ஸ்மத்தில், மெல் குரோச்சர் என்பவர் வேறொரு மார்க்கத்தில் சென்றார். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை வெறுத்த அவர், 1984-இல் 'டியூஸ் எக்ஸ் மகீனா' என்ற ஒன்றைச் செய்தார்: யந்திரம் ஆளும் உலகில் தற்செயலாய்க் கருவுற்ற ஒரு மனித ஜீவன் பிறந்து, வளர்ந்து, மூத்து, மடியும் வரை அதற்குத் துணை நிற்பதே விளையாட்டு, அதனோடு சேர்த்து ஓட்டுவதற்குத் தனியாக ஓர் ஒலி நாடா, அதில் இயன் ட்யூரி, ஜான் பர்ட்வீ போன்ற பிரபலங்களின் குரல்கள். 15 பவுண்டு விலை. விமரிசகர்கள் போற்றினார்கள், கடைக்காரர்கள் வாங்கவில்லை. மறு ஆண்டே குரோச்சர் அத்தொழிலைவிட்டு விலகினார்.

அதற்குப் பிறகு நடந்தவை சரித்திரத்தில் ஏற்கெனவே ஒரு முறை நடந்தவைதான். 1.99 பவுண்டுக்குக் கேஸட் விற்கும் 'மாஸ்டர்ட்ரானிக்' போன்ற மலிவுச் சரக்குக்காரர்கள் ஒருபுறம். சினிமாப் படங்களின் பெயரை உரிமம் பெற்று விளையாட்டாக்கும் ஓஷன் போன்ற பெருநிறுவனங்கள் மறுபுறம். நடுவிலிருந்த மாடியறை மெஸ்டர்கள் நசுங்கினார்கள். மிஞ்சியவர்கள் மேஜையும் மாதச் சம்பளமும் பெற்று, எழுதியது யார் என்று உறையிற்கூடப் பெயர் வராத ஊழியர்களானார்கள். நூறாண்டுக்கு மேல் ஷெஃபீல்டின் கத்திக்காரர்களுக்கு நேர்ந்தது இவர்களுக்கு ஐந்தே ஆண்டில் நேர்ந்துவிட்டது. 1986 ஏப்ரலில் சின்க்ளேரும் தம் கணினித் தொழிலை 50 லட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்திடம் விற்றார். ஆம்ஸ்ட்ராட் புதிய ஸ்பெக்ட்ரம்களைத் தைவானில் செய்வித்ததால் டண்டீப் பெண்கள் கையிலிருந்து அந்த வேலை போயிற்று. 1993-இல் கடுமையான வேலைநிறுத்தத்துக்கும் கதவடைப்புக்கும் பிறகு டைமெக்ஸ் தொழிற்சாலையே மூடப்பட்டது.

அத்தொழிற்சாலையில் பயிற்சி பெற்று, விலகும்போது கிடைத்த ஈட்டுத்தொகையைக் கொண்டு கணினி வாங்கிய டேவிட் ஜோன்ஸ், 1987-இல் டண்டீயில் 'டிஎம்ஏ டிசைன்' என்ற நிறுவனத்தை நிறுவினார். ஏவிய திசையில் யோசனையின்றி நடக்கும் குட்டி ஜீவன்களுக்குத் தோண்டுவது, படி கட்டுவது என்று உத்தியோகம் பங்கிட்டுக் கொடுத்து, வேண்டாதவற்றை வெடிக்கச் செய்துவிடும் 'லெம்மிங்ஸ்' அவர்கள் 1991-இல் செய்தது. அதை வெளியிட்ட லிவர்பூல் நிறுவனம், இமாஜின் சிதைந்தபோது அதன் ஆட்கள் சிலர் கூடித் தொடங்கியது. 1997-இல் டிஎம்ஏவை வாங்கியவர்கள் வேறு யாருமல்லர், அகழெலியைப் படைத்த ஷெஃபீல்ட் கிரெம்லின்தான். இரண்டாண்டில் கிரெம்லினைப் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்று விழுங்கியது. 2003-இல் ஷெஃபீல்ட் அலுவலகத்தை மூடியது. டிஎம்ஏ நியூயார்க் முதலாளிகளின் கைக்கு மாறி, 'ராக்ஸ்டார் நார்த்' என்று பெயர் பெற்று, எடின்பரோவில் குடியேறியது. அங்கே அவர்கள் 2013-இல் முடித்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5', அமெரிக்கப் பெருநகரத்தின் பணப் பைத்தியத்தையும், பங்குச் சந்தையையும், விளம்பரங்களையும் விடாமல் நையாண்டி செய்கிறது. 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அதன் இணையப் பகுதியில் மாளிகையும் விமானமும் வாங்கப் போதிய விளையாட்டுப் பணம் இல்லாதவர்களுக்காக, நிஜப் பணம் கொடுத்தால் அதை அளிக்கும் 'ஷார்க் கார்டு' என்ற அட்டை கம்பெனியாராலேயே விற்கப்படுகிறது.